முழங்காலளவு தண்ணீர்

காத்தான்குடி பிரதான வீதியில் நாம் தினமும் பாடசாலைக்கு நடக்கிறோம், பஸ்ஸுக்கு நிற்கிறோம், பெருநாள் சந்தைக்குப் போகிறோம். அந்த வீதிக்கு வரைபடத்தில் ஏ-4 என்று பெயர். அது மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரமாகவே போகும். பிறகு மேற்கே திரும்பி மொனராகலை, வெல்லவாய வழியாக மலை ஏறி, இரத்தினபுரியைக் கடந்து கொழும்பை அடையும். வெல்லவாயவைத் தாண்டி கொஸ்லந்தைக்குப் போகும் வழியில் இதே வீதி தியலும நீர்வீழ்ச்சியின் காலடியைத் தொட்டுச் செல்கிறது. வேறு எந்த வீதிக்கும் மாறாமல் போனால், 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு முன்னால் போய் நிற்கலாம். இலங்கையில் பம்பரகந்தைக்கு அடுத்த உயரமான நீர்வீழ்ச்சி அது.

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் எனக்கு இதைக் கண்டுபிடித்த நாளில் பெரிய சந்தோஷம். வரைபடத்தை உம்மாவிடம் காட்டினேன். "நல்லம் மகள், மடிச்சி வை" என்றார்.

சென்ற பெருநாளுக்கு மறுநாள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து அந்த வீதியால் போனோம். தியலுமவின் அழகு கீழே மட்டும் இல்லை. மேலே, தண்ணீர் பாறை விளிம்பைத் தாண்டி விழும் முன், அடுக்கடுக்காகக் குளம் போன்ற பள்ளங்கள் இருக்கின்றன. வீதியில் நிற்பவர்களுக்கு அவை தெரியாது. சுற்றிப் போய், மானாப்புல் வளர்ந்த சரிவில் ஒற்றையடிப் பாதையால் இறங்கி நடந்தால்தான் காணலாம். நாங்கள் நடந்தோம். வாப்பா, மாமாமார், காக்கா, பன்னிரண்டு வயதுத் தம்பி எல்லோரும் ஒரு குளத்தில் இறங்கினார்கள். பெண்கள் நாங்கள் சற்றுத் தள்ளி மர நிழலில் பாயை விரித்துச் சோற்றுப் பார்சல்களுக்குக் காவல் இருந்தோம்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை வந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. முதுகில் ஒரு பை, கையில் ஒரு தடி. ஜேர்மனியாம். தனியாக வந்திருந்தாள். எந்தக் குளம் ஆழம் குறைந்தது, எந்தப் பாறை வழுக்கும் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் நாட்டின் தண்ணீரைப் பற்றி வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கேட்கிறாள், நான் தலையை ஆட்டிச் சிரிக்கிறேன். அவள் மேலே தள்ளியிருந்த ஒரு சிறிய குளத்துக்குப் போய், தடியால் ஆழம் பார்த்து, இறங்கி நீந்திவிட்டுத் திரும்பி வந்தாள். பாணும் வாழைப்பழமும் தின்றாள். எங்களுக்குக் கையசைத்துவிட்டு வந்த பாதையிலேயே நடந்து போனாள்.

உம்மும்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தனியவா வந்திரிக்கி?" என்று கேட்டார். அந்தக் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

நான் அபாயாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றேன். அதற்கு மேல் போகத் தெரியாது. நான் பிறந்த ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மீன்பாடும் தேன்நாட்டின் பிள்ளை என்று விவாத மேடைகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவள் நான். பதினேழு வயதில் எனக்குத் தெரிந்த தண்ணீர் முழங்காலளவுதான்.

அந்த ஜேர்மனிப் பிள்ளையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது உண்மை. எதன்மேல் பொறாமை என்று வேனில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். அவளுடைய உடுப்பின்மேல் இல்லை, எனக்கு என் உடுப்புப் பிடிக்கும். தனிமையின்மேலும் இல்லை. எனக்குக் கூட்டமாகப் போகத்தான் ஆசை, வேனில் பாட்டுக்குப் பாட்டு விளையாட ஆள் வேண்டும். அவளுக்குப் பாதை தெரிந்திருந்தது. தண்ணீரின் ஆழத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தது. விழுந்தால் எழும்பி வரத் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதலின்மேல்தான் எனக்குப் பொறாமை.

அடுத்த வாரம் இடைவேளையில் வகுப்பில் கேட்டேன்: "யாருக்கெல்லாம் நீந்தத் தெரியும்?" இரண்டு கைகள்தான் உயர்ந்தன. ஒருத்தி சிறு வயதில் வெளிநாட்டில் இருந்தவள். மற்றவள் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. ஏழு வயதில் வாப்பாவின் தோணியில் போய் வாவியிலேயே நீந்தப் பழகியவள். "இப்பவும் நீந்துவியா?" என்று கேட்டேன். "பெரியபிள்ளையான பிறகு தண்ணியில இறங்கல்ல" என்றாள். அவளுடைய தம்பிமார் இன்றும் பின்னேரங்களில் அதே இடத்தில் குதிக்கிறார்களாம்.

அன்பான தோழிகளே, கிழக்கிலங்கையின் பழைய வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியும். நம் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். திருமணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளும் வளவுகளும் பெண்களின் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன. நிலம் நம் பெயரில் இருக்கிறது. அந்த நிலத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் நமக்கு அந்நியமாக இருக்கிறது.

"தண்ணீருக்குப் போகாமல் இருந்தால் போயிற்று, ஏன் நீந்த வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். நாம் தண்ணீரிடம் போகாவிட்டாலும் தண்ணீர் நம்மிடம் வரும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது நான் பிறந்திருக்கவில்லை. உம்மாவுக்கு இருபது வயது, உம்மாவின் தங்கைக்கு எனக்கு இப்போதுள்ள அதே வயது. அந்தச் சாச்சியின் படம் ஒன்று எங்கள் அலுமாரியில் இருக்கிறது. கடல் வீட்டுக்குள் வந்தபோது மாமாமார் இருவரும் தென்னை மரத்தில் ஏறினார்கள். உம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சாச்சியின் கை நழுவியது. இதை உம்மா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் பாதியில் எழும்பிப் போய்விட்டார்.

அன்று இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் அயல் மாவட்டமான அம்பாறையில் சுனாமியால் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த குடும்பங்களை ஆராய்ந்து 2006 இல் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த ஆண்களில் 8.2 சதவீதமானோரும் பெண்களில் 17.5 சதவீதமானோரும் இறந்திருந்தார்கள். இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே அலை. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்படுவதை ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது, உடை தடுத்தது, வீட்டுக்குள்ளே இருந்தார்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நாம் இன்றே மாற்றக்கூடிய காரணம் நீச்சல்.

நீச்சல் தெரிந்திருந்தால் சாச்சி பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அல்லாஹ்வின் நாட்டத்தை நான் அளக்க வரவில்லை. 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றபோது மத்ரஸா மாணவர்கள் மௌத்தானதை நாம் மறக்கவில்லை. அவர்கள் ஆண் பிள்ளைகள். பெருக்கெடுத்த தண்ணீர் யாரையும் பார்ப்பதில்லை, நல்ல நீச்சல்காரனையும் அது கொண்டுபோகும். ஆனாலும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டும் கயிற்றை ஆண் பிள்ளையின் கையில் மட்டும் கொடுத்துவிட்டு, பெண் பிள்ளையைத் தவக்குல் மட்டும் வைக்கச் சொல்வது எந்த நியாயம்?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். 2021 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஜூலை 25 ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடுகளில் ஒன்று பங்களாதேஷ். அங்கே கிராமத்துக் குளங்களுக்குள் மூங்கிலால் மேடை கட்டி, அதற்குள் சிறு பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள். பெரிய நீச்சல் தடாகம் ஒன்றும் தேவைப்படவில்லை. கிட்டத்தட்ட முழுவதும் முஸ்லிம்கள் வாழும் சன்சிபார் தீவில் பெண்களே பயிற்றுநர்களாக இருந்து, உடல் முழுவதும் மூடிய நீச்சல் உடையில் பெண் பிள்ளைகளைக் கடலில் மிதக்கப் பழக்குகிறார்கள். அந்த உடையை அவுஸ்திரேலியாவில் வாழும் லெபனானில் பிறந்த ஒரு பெண், அஹேதா சனெட்டி, வடிவமைத்தார். ஆண்டு 2004. நம் கரையைச் சுனாமி தாக்கிய அதே ஆண்டு.

ஆகவே "வெட்கம்" என்ற காரணத்துக்கு விடை கிடைத்து இருபது வருடங்கள் ஆகிவிட்டன. பெண்களுக்கு மட்டுமான நேரம், பெண் பயிற்றுநர், மூடிய உடை, நாலு பக்கமும் மறைப்பு. இவ்வளவும் இருந்தால் ஹயாவுக்கு என்ன குறை? நீச்சலையும் அம்பெய்தலையும் குதிரையேற்றத்தையும் பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்லும் கூற்று ஒன்று உமர் (ரழி) அவர்களுடையதாக நம் விளையாட்டு விழா மேடைகளில் வருடா வருடம் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் என்ற சொல்லுக்குள் நாமும் இருக்கிறோம்.

இனி நடப்பதைப் பற்றி. தனியே மலைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் போக அனுமதி தாருங்கள் என்று நான் இங்கே கேட்கவில்லை. ஒரு பெண் மஹ்ரம் இல்லாமல் தூரப் பயணம் போவது பற்றி மார்க்க அறிஞர்களிடம் விளக்கங்கள் இருக்கின்றன. அதற்குள் நுழைய நான் ஆலிமா அல்ல. அதோடு, தியலுமவின் மேல் குளங்கள் யாருக்கும் விளையாட்டு இல்லை. பாசி பிடித்த பாறையில் ஒரு கால் வழுக்கினால் அடுத்த படி 220 மீற்றர் கீழே. மலையில் மழை பெய்தால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் கூடும். தனியே போவது ஆணுக்கும் ஆபத்துத்தான். ஆனால் என் காக்காவிடம் "வழுக்கும், கவனம்" என்று சொல்கிறார்கள். என்னிடம் "வழுக்கும், போகாதே" என்று சொல்கிறார்கள். காக்கா வழுக்கும் பாறையில் நிற்கப் பழகிவிட்டார். நான் பாய்க்குக் காவல் இருக்கப் பழகிவிட்டேன்.

தியலுமவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மலைக்கு விரட்டப்பட்ட இளவரசன் ஒருவன், தன் காதலியை மேலே எடுக்கக் கொடிகளால் கயிறு திரித்து இறக்கினானாம். அவள் பாறையில் மோதி இறந்துபோனாளாம். அந்தத் துயரத்தில் பெருகிய தண்ணீர்தான் இந்த நீர்வீழ்ச்சியாம். கதை கேட்க நல்லது. ஆனால் கதையிலும் பாருங்கள், ஏறுவது அவள், கயிறு அவன் கையில்.

எனக்குப் பிடித்த கதை வேறு. ஆளில்லாத, தண்ணீரில்லாத பள்ளத்தாக்கில் கைக்குழந்தையுடன் நின்ற அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஸபா குன்றில் ஏறிப் பார்த்தார்கள், ஒருவரும் இல்லை. இறங்கி ஓடி மர்வாவில் ஏறிப் பார்த்தார்கள். இப்படி ஏழு தடவை. தண்ணீரைத் தேடித் தனியே குன்று ஏறி இறங்கிய ஒரு பெண்ணின் நடை அது. இன்று ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் ஒவ்வொரு ஆணும், மன்னனாக இருந்தாலும், அந்தப் பெண்ணின் அடிச்சுவட்டில்தான் தொங்கோட்டம் ஓடுகிறான். ஒரு தாயின் தனிநடையை வணக்கமாக்கி வைத்திருக்கும் சமூகத்தில், நடக்கத் தெரிந்த மகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா ஆதம் மலைக்கு நடந்தார் என்று வரலாற்றில் படிக்கிறோம். உலகம் சுற்றிய அந்த மனிதர்கூடத் தனியே ஏறவில்லை. ஆரியச் சக்கரவர்த்தி அனுப்பிய ஆட்கள் வழிகாட்டியாகக் கூட வந்தார்கள். 2016 மே 21 அன்று எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் இலங்கையர் ஜயந்தி குரு உதும்பால. முதல் பெண் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம், அவருக்கு முன்னால் இலங்கையில் எந்த ஆணும் அங்கே நின்றதில்லை. அவருக்கும் ஷேர்ப்பாக்களின் துணை இருந்தது. ஆகவே தனியே போகிறோமா, கூட்டமாகப் போகிறோமா என்பது முக்கியம் இல்லை. கூட்டத்தில் போகும்போதும், தன் காலில் போகிறவள், தூக்கிச் செல்லப்படுகிறவள் என்ற வித்தியாசம் இருக்கிறது.

நான் கேட்பது மூன்று விடயங்கள்.

ஒன்று: பாடசாலையை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு மாணவிக்கும் மல்லாந்து மிதக்கவும், சிறிது தூரம் நீந்திக் கரை சேரவும் தெரிய வேண்டும். பதக்கம் வாங்க வேண்டியதில்லை. மூச்சை அடக்கப் பழகினால் போதும். வாரத்தில் ஒரு பின்னேரம், பெண்களுக்கு மட்டுமான ஓர் இடம், ஒரு பெண் பயிற்றுநர். நம் பழைய மாணவிகளும் பெற்றோரும் நினைத்தால் நடக்காத காரியமா?

இரண்டு: பெண்களின் நடைக் குழு ஒன்று வேண்டும். தியலும தூரம்தான், கிட்டவே தொடங்கலாம். முதலில் பாலமீன்மடு வெளிச்சவீடு. 1913 இல் கட்டியது. நம்மில் எத்தனை பேர் அதன் அடியில் நின்று, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பார்த்திருக்கிறோம்? பிறகு உன்னிச்சைக் குளம். பிறகு மேற்கே குடும்பிமலை. ஆசிரியை ஒருவரும் தாய்மார் இருவரும் கூட வந்தால் நல்லது. வரைபடம் வாசிப்பதையும், வீட்டுக்கு நேரம் சொல்லிவிட்டுப் புறப்படுவதையும், முதலுதவியையும் அங்கே பழகலாம். புத்தகத்தில் படிக்கும் புவியியலுக்கும் அப்போது கால் முளைக்கும்.

மூன்று: சிறு வயதில் நீந்தியவளை, பெரியபிள்ளையாகிவிட்டாள் என்பதற்காக மறக்கச் சொல்லாதீர்கள். அவளுக்கு மறைவான இடம் தேடிக் கொடுங்கள். தெரிந்ததை மறப்பது, தெரியாமலே இருப்பதைவிடப் பெரிய நட்டம். என் வகுப்புத் தோழியின் கை அன்று தயங்கித் தயங்கித்தான் உயர்ந்தது.

இந்தக் கட்டுரையை இதழுக்குக் கொடுக்கும் முன் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சாச்சியைப் பற்றிய பகுதியை எழுத அவருடைய அனுமதி வேண்டும் என்று நினைத்தேன். வாசித்து முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த வெள்ளக்காரப் புள்ள அவ்வளவு ஆழத்துல இறங்கிட்டு எப்படி ஏறி வந்த?"

"முதலில் தடியால ஆழம் பார்த்தா உம்மா. பிறகு நீந்தித்தான் வந்தா."

சுளகைக் கீழே வைத்தார். "உன்ட சாச்சிக்குத் தண்ணியெண்டா சரியான விருப்பம்" என்றார். "நாங்கதான் விடல்ல."

அதற்குப் பிறகு நீண்ட நேரம் இருவரும் பேசவில்லை. மஃரிபுக்கு பாங்கு சொன்னது. வுழூச் செய்ய எழும்பும்போது சொன்னார்: "பொம்புளையள் பழக்குற இடமெண்டா விசாரிச்சிப் பாரு. நானும் வாறன், கரையில இரிக்கன்."

கரையில் இருக்கட்டும். முதல் நாளைக்கு அது போதும். நீங்களும் இன்றிரவு உங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். உங்கள் உம்மாவிடமும், உம்மும்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: சிறு வயதில் அவர்களுக்குத் தண்ணீர் விருப்பமா என்று.